முட்டைக்கும் மூச்சு முட்டும்

30 முட்டை வைத்தேன், 11 குஞ்சு வந்தது. நாட்டுக்கோழி வளர்க்கிற யாரிடம் இதைச் சொன்னாலும் முதலில் சிரிக்கிறார்கள், அப்புறம் "கரண்ட் போயிடுச்சா?" என்று கேட்கிறார்கள். கரண்ட் போகவில்லை. தெர்மாகோல் பெட்டியில் 2 பல்பு, ஒரு குட்டி ஃபேன், ஒரு தெர்மோஸ்டாட் வைத்து நானே செய்த இன்குபேட்டர்தான், ஆனால் அதே பெட்டியில் அதற்கு முன்னால் 2 தடவை 20க்கு மேல் எடுத்திருக்கிறேன். இந்தத் தடவை நடந்தது வேறு. முட்டை வைத்த 3-ஆம் நாள் காலையில் வீட்டுக்காரர் ஜன்னல் கம்பிகளுக்கு எனாமல் பெயிண்ட் அடிக்க ஆள் அனுப்பிவிட்டார். பெட்டி இருந்த அறைதான் முதலில். தின்னர் நெடியில் எனக்கே தலை கிறுகிறுத்தது. முட்டைக்குள் இருக்கிற உயிருக்கு என்ன ஆகுமோ என்று பதறி, பெட்டியில் போட்டிருந்த 6 காற்றுத் துளைகளையும் பிரவுன் டேப் போட்டு ஒட்டினேன். ஒட்டிவிட்டு, ரொம்பப் பொறுப்பாக ஒரு காரியம் செய்துவிட்ட நிம்மதியோடு வேலைக்குப் போனேன்.

23-ஆம் நாள் மீதி 19 முட்டைகளையும் கொல்லையில் வைத்து ஒவ்வொன்றாக உடைத்துப் பார்த்தேன். இதைச் செய்ய மனசு வராது, ஆனால் செய்யாவிட்டால் அடுத்த தடவையும் அதே தப்புதான். 3 வெறும் கூமுட்டை. 2 முட்டைகளில் மஞ்சள் கருவைச் சுற்றி மெல்லிய ரத்த வளையம், அதாவது ஆரம்பத்திலேயே நின்றுபோனவை. மற்ற 14-லும் முழுக் குஞ்சு. இறகு ஈரமாக ஒட்டிப்போய், தலையை வலது இறக்கைக்கு அடியில் செருகிக்கொண்டு, மூக்கு நுனியில் ஓட்டை உடைக்கும் அந்த வெள்ளைப் புள்ளி கூடத் தெரிந்தது. எல்லாம் தயாராகி, வாசல் வரைக்கும் வந்து செத்திருக்கின்றன.

பல்லடம் பக்கம் ஒரு ஹேட்சரியில் வேலை பார்க்கிற நண்பனுக்குப் படம் எடுத்து அனுப்பி, பெயிண்ட்காரனைத் திட்டி நீளமாக ஒரு மெசேஜும் போட்டேன். அவன் கூப்பிட்டான். "பெயிண்ட்டை விடு மாப்ள. ஓட்டைய அடைச்சேன்னு சொன்னியே, தொறந்தியா?"

திறக்கவில்லை. பெயிண்ட் காய்ந்து, நெடி போய், அந்த ஜன்னலில் துணி கூடக் காயப்போட ஆரம்பித்துவிட்டோம். டேப் மட்டும் அப்படியே இருந்தது.

அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பைத்தியம். கெட்ட காற்றுக்குப் பயந்து காற்றையே அடைத்துக் கொன்றவன் என்ற முறையில், முட்டைக்குள் காற்று எப்படிப் போகிறது, கெட்ட காற்று போனால் என்ன செய்கிறது என்று கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

முதலில் கணக்கு. ஒரு கோழி முட்டை ஓட்டில் சுமார் 10,000 நுண்துளைகள் இருக்கின்றன. அமெரிக்காவின் பஃபலோ நகரில் ஹெர்மன் ரான் என்ற உடலியல் அறிஞரும் அவரோடு வேலை பார்த்தவர்களும் 1970-களில் இதை உட்கார்ந்து அளந்திருக்கிறார்கள். 21 நாளில் ஒரு முட்டை சுமார் 6 லிட்டர் ஆக்சிஜனை உள்ளே இழுக்கிறது, சுமார் 4.5 லிட்டர் கார்பன் டை ஆக்சைடையும் 11 லிட்டர் நீராவியையும் வெளியே விடுகிறது. உள்ளங்கையில் அடங்குகிற, வாயும் மூக்கும் இல்லாத ஒரு பொருள் செய்கிற வேலை இது. நுரையீரல் தயாராகும் வரைக்கும் ஓட்டின் உள்பக்கத்தை ஒட்டி ரத்தக் குழாய்கள் நிறைந்த ஒரு சவ்வு படர்ந்திருக்கும், அதுதான் மூச்சு விடுகிறது. டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலந்திவலை மாதிரி சிவப்பாகத் தெரிகிறதே, அதுவேதான். நாம் குஞ்சு வளர்கிறதா என்று பார்க்கிறோம், உண்மையில் பார்ப்பது அதன் மூச்சு உறுப்பை.

முதல் வாரத்தில் இந்தக் கருவுக்கு ஆக்சிஜன் ரொம்பக் கொஞ்சம்தான் வேண்டும். கடைசி வாரத்தில்தான் தேவை எகிறும். 19, 20-ஆம் நாளில் குஞ்சு முட்டையின் மொண்ணைப் பக்கத்தில் இருக்கிற காற்றறையைக் குத்தி, வாழ்க்கையில் முதல் தடவையாக நுரையீரலால் மூச்சு விடும். அந்த அறையில் இருப்பது வெளியே இருக்கிற காற்றுதான். என்னுடைய 14 குஞ்சுகளும் அங்கே போய்ச் சேர்ந்தபோது அதில் இருந்தது அவை விட்ட மூச்சும் பக்கத்து முட்டைகள் விட்ட மூச்சும்தான். ஈரமும் வெளியேறவில்லை. முட்டை பொரிவதற்குள் எடையில் எட்டில் ஒரு பங்காவது நீராவியாகப் போக வேண்டும், போகாவிட்டால் காற்றறை பெரிதாகாது, குஞ்சு உள்ளேயே ஈரத்தில் திணறும்.

சரி, பெயிண்ட்? அந்த 2 ரத்த வளையங்கள் பெயிண்ட் கணக்கில் சேருமா என்று நண்பனிடம் கேட்டேன். அவன் நேராகப் பதில் சொல்லாமல் அவர்களுடைய ஃபியூமிகேஷன் விதியைச் சொன்னான். ஹேட்சரிகளில் கிருமி கொல்வதற்கு ஒரு தட்டில் பர்மாங்கனேட்டைப் போட்டு அதில் ஃபார்மலினை ஊற்றுவார்கள், குபீரென்று புகை கிளம்பும், கண் எரிந்து ஓடி வந்து கதவைச் சாத்த வேண்டும். முட்டை வந்து இறங்கியதும் செய்யலாம், செட்டரில், அதாவது முட்டையைச் சூட்டில் வைக்கிற பெரிய இன்குபேட்டரில், ஏற்றியவுடன் செய்யலாம். ஆனால் சூடு ஏறிய 24 மணி நேரத்திலிருந்து 96 மணி நேரம் வரைக்கும் செய்யவே கூடாது. அந்த 3 நாளில்தான் இதயம் துடிக்க ஆரம்பிக்கிறது, ரத்தக் குழாய் ஓடுகிறது, கண் உருவாகிறது. அப்போது அந்த வாயு பட்டால் கரு நின்றுபோகும். அதற்கு முன்னாலோ பின்னாலோ பட்டால் அதே வாயுவை ஓரளவு தாங்குகிறது. எனக்கு இது பெரிய விஷயமாகத் தெரிந்தது. எவ்வளவு பட்டது என்பதைவிட எந்த மணி நேரத்தில் பட்டது என்பது முக்கியம். என் பெயிண்ட் நாள் சரியாக அந்தக் கெடுவுக்குள்தான் வருகிறது. ஆனாலும் தெர்மாகோல் பெட்டியில் வெப்பம் கொஞ்சம் ஏறி இறங்கினாலும் ரத்த வளையம் வரலாம் என்பதால், அந்த இரண்டைப் பெயிண்ட்காரர் தலையில் கட்ட எனக்கு உரிமை இல்லை.

எங்கள் அம்மிச்சி அடை வைக்கும்போது ஒரு சடங்கு மாதிரி செய்வார். கூடையில் மணல், அதன் மேல் வைக்கோல், ஓரத்தில் ஒரு கரித்துண்டு, ஒரு துருப்பிடித்த ஆணி, 2 காய்ந்த மிளகாய். இடி இடித்தால் முட்டை கெட்டுப் போகாமல் இருக்க. கரியும் ஆணியும் எதற்கு என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை, அதை நியாயப்படுத்தப் போவதுமில்லை. ஆனால் இன்னொன்று சொல்வார்: "எண்ணெக் கையோட முட்டையத் தொடாத கண்ணு, உள்ள இருக்கறது மூச்சு உடோணுமில்ல?" தலைக்கு எண்ணெய் வைத்துக்கொண்டு கூடைப் பக்கம் போனாலே கையில் ஒன்று விழும்.

அமெரிக்காவில் மேரிலாண்டில் பதக்சென்ட் என்ற இடத்தில் அரசின் காட்டுயிர் ஆய்வு மையம் இருக்கிறது. கடலில் கச்சா எண்ணெய் கொட்டினால் அதில் நனைந்த பறவை கூட்டுக்குப் போய் அடை உட்காருகிறதே, முட்டைக்கு என்ன ஆகும் என்று 1970-களின் கடைசியில் அங்கே மல்லார்ட் வாத்து முட்டைகளில் சோதித்தார்கள். சில மைக்ரோ லிட்டர், அதாவது ஒரு சொட்டில் சின்னப் பங்கு, ஓட்டின் மேல் தடவினாலே கருக்கள் செத்தன. முதலில் எல்லோருக்கும் தோன்றுவது அம்மிச்சிக்குத் தோன்றியதுதான்: எண்ணெய் துளையை அடைத்துவிட்டது, மூச்சு முட்டிவிட்டது. ஆனால் அதே அளவு, விஷமில்லாத வேறு ஹைட்ரோகார்பன் கலவையைத் தடவியபோது கரு ஏறக்குறைய ஒன்றும் ஆகாமல் வளர்ந்தது. அதில் பென்சோபைரீன் மாதிரியான வளைய மூலக்கூறுகளைத் துளியூண்டு சேர்த்ததும் செத்தது, பிழைத்தவற்றில் சில ஊனமாக வளர்ந்தன. ஆக அம்மிச்சி சொன்ன விதி சரி, காரணம் பாதிதான் சரி. (இதைக் கேட்டிருந்தால் "காரணம் யாருக்கு வேணும், கையக் கழுவு" என்றிருப்பார்.)

இந்தப் பென்சோபைரீன் கச்சா எண்ணெயோடு நிற்கிற ஆள் இல்லை. விறகு, நிலக்கரி, டீசல், சிகரெட், சருகு, டயர் என்று எது அரைகுறையாக எரிந்தாலும் அந்தப் புகையில் இந்தக் குடும்பம் இருக்கும். சீனாவில் சிங்தாவ் நகர ஆய்வாளர்கள் டீசல் புகையையே முட்டையின் காற்றறைக்குள் செலுத்திப் பார்த்திருக்கிறார்கள். குஞ்சு முதல் மூச்சை இழுக்கிற அந்தக் கட்டத்தைத் தேர்ந்தெடுத்துச் செய்தார்கள். பொரிந்து வந்த குஞ்சுகளின் இதயத்திலும் நுரையீரலிலும் பாதிப்பு இருந்தது. இதையெல்லாம் படித்துவிட்டு ஒரு மாதம் தெருவில் எந்த லாரி போனாலும் நான் முட்டை நினைப்பிலேயே இருந்தேன்.

அப்புறம்தான் நெதர்லாந்துக் குருவிகளைப் பற்றிப் படித்தேன். படித்ததும், இத்தனை நாள் நான் தப்பான வாசலில் காவல் காத்துக்கொண்டிருந்தது புரிந்தது.

வேலுவ என்ற மணற்பாங்கான காட்டுப் பகுதியில் ப்யூண்டர்காம்ப் என்று ஓர் இடம். அங்கே மரத்தில் பெட்டி மாட்டி, கிரேட் டிட் என்ற குருவியை நெடுங்காலமாகக் கணக்கெடுத்து வந்தார்கள். நம் பக்கம் இருக்கிற பட்டாணிக் குருவிக்கு ரொம்ப நெருங்கிய சொந்தம், 18 கிராம் எடை. 1980-களில் பெட்டியைத் திறந்தவர்கள் விசித்திரமானதைப் பார்த்தார்கள். ஓடு மெலிந்து, சொரசொரவென்று, தொட்டால் நொறுங்குகிற முட்டைகள். சில பெட்டிகளில் முட்டையே இல்லாமல் தாய் வெறும் கூட்டில் அடை உட்கார்ந்திருந்தது. இந்த மாதிரி குறையுள்ள முட்டையிடும் தாய்க் குருவிகள் 1983, 84-ல் 10 சதவீதம், 1987, 88-ல் 40 சதவீதம்.

உடனே பூச்சிமருந்து என்றுதான் யாருக்கும் தோன்றும். டிடிடி தெளித்த காலத்தில் வல்லூறுகளின் முட்டை ஓடு மெலிந்த கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் இது அது இல்லை. யாப் கிராவலேன்ட் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் துப்பறிந்து 1994-ல் நேச்சர் இதழில் எழுதினார்கள். குற்றவாளி நத்தை. சரியாகச் சொன்னால், இல்லாமல் போன நத்தை.

இந்தக் குருவி நாளுக்கு ஒன்றாக 8, 9 முட்டை இடும், மொத்தமும் சேர்த்தால் கிட்டத்தட்ட அதன் உடம்பு எடை வரும். அத்தனை ஓட்டுக்கும் தேவையான சுண்ணாம்புச் சத்து அதன் முழு எலும்புக்கூட்டையும் கரைத்தாலும் கிடைக்காது. புழுவிலும் பூச்சியிலும் அது போதுமான அளவு கிடையாது. அதனால் முட்டையிடுகிற நாள்களில் சாயங்காலம் இறங்கி வந்து, தரையில் கிடக்கிற நத்தை ஓட்டுத் துண்டுகளைத் தேடித் தேடிக் கொத்தும், ராத்திரி அது முட்டை ஓடாகும். இப்போது மண்ணைப் பாருங்கள். ஆலைப் புகையில் வந்த கந்தக டை ஆக்சைடு, வண்டிப் புகையில் வந்த நைட்ரஜன் ஆக்சைடுகள், எல்லாவற்றுக்கும் மேலாகப் பன்றி, மாடு, கோழிப் பண்ணைச் சாணத்திலிருந்து எழும்பிய அமோனியா, எல்லாம் காற்றில் போய் மழையோடும் தூசியோடும் காட்டில் இறங்கி மண்ணைப் புளிக்க வைத்தன. புளித்த மணல் மண்ணிலிருந்து சுண்ணாம்பு கழன்று கீழே போய்விட்டது. நத்தைக்கு ஓடு கட்ட வழியில்லை, அருகிப் போனது. குருவிக்கு நத்தை இல்லை. முட்டைக்கு ஓடு இல்லை. உள்ளே இருந்த கரு காய்ந்து செத்தது.

என் பெட்டியில் ஓட்டை அடைபட்டுக் குஞ்சுகள் ஈரத்தில் செத்தன, அங்கே ஓடே ஓட்டையாகி உலர்ந்து செத்தன.

சந்தேகம் தீர, கூட்டுப் பக்கத்தில் நத்தை ஓட்டையும் கோழி முட்டை ஓட்டையும் நொறுக்கி வைத்துப் பார்த்தார்கள். குறை முட்டைகள் சட்டென்று குறைந்துவிட்டன. இதில் எனக்கு ரொம்பப் பிடித்த இடம் ஒன்று உண்டு. அந்தக் காடுகளில் சில குருவிகள் மட்டும் நல்ல முட்டையாக இட்டுக்கொண்டிருந்தன. ஆராய்ந்தால், அவை மனிதர்கள் விட்டுப்போன சுண்ணாம்பைத் தின்றிருக்கின்றன. சுற்றுலா வந்தவர்கள் அவித்த முட்டையை உரித்துத் தின்றுவிட்டுப் போட்ட ஓடு, வீட்டுக் கோழிகளுக்குத் தீவனத்தோடு போடுகிற கிளிஞ்சல் துகள். பண்ணையின் நாற்றம் குருவியின் முட்டையைக் கெடுத்தது, கோழிக்குப் போட்ட தீவனத் துகள் அதைக் காப்பாற்றியது! எங்கள் ஊரில் கோழி தோல் முட்டை போட்டால் அம்மிச்சி சமையலறையில் சேர்த்து வைத்த முட்டை ஓட்டை வறுத்து, பொடித்து, தவிட்டில் கலந்து வைப்பார். அதே வைத்தியம்.

பின்லாந்தில் ஹார்யவல்டா என்ற ஊரில் செம்பு உருக்காலை. 1940-களிலிருந்து ஓடுகிறது. துர்க்கு பல்கலைக்கழகத்தின் தாபியோ ஈவா குழு, ஆலையிலிருந்து தள்ளித் தள்ளிப் பெட்டிகள் மாட்டி, ஆப்பிரிக்காவிலிருந்து வலசை வருகிற ஒரு கறுப்பு வெள்ளை ஈப்பிடிப்பானைக் கவனித்தது. ஆலைக்குக் கிட்டே போகப் போக முட்டை குறைவு, ஓடு மெலிவு, பொரிவது குறைவு. அங்கே செம்பு, நிக்கல், ஈயம் எல்லாம் புழு வழியாகத் தாய்க்குள் போகின்றன, சுண்ணாம்போ பஞ்சம். சுண்ணாம்பு தாராளமாகக் கொடுத்தால் உலோகத்தின் கெடுதி குறைகிறது என்றும் கண்டுபிடித்தார்கள். ஆனால் எனக்கு முக்கியமாகப் பட்டது வேறு: 1990-களில் ஆலை தன் புகையை வெகுவாகக் குறைத்ததும் ஈப்பிடிப்பான்கள் மறுபடி நன்றாகக் குஞ்சு பொரிக்க ஆரம்பித்தன. 10 வருடத்துக்குள். மண்ணில் உலோகம் அப்படியே கிடக்கும்போதே.

பாதரசத்தின் கதையும் சுற்றுவழிதான். அனல்மின் நிலையத்தில் நிலக்கரி எரியும்போது ஆவியாகி, நாடு கடந்து போய், மழையோடு ஏரியில் இறங்கி, சேற்றில் இருக்கிற பாக்டீரியாவால் மெத்தில் பாதரசமாக மாறி, மீனுக்குப் போய், மீன் தின்கிற பறவைக்குப் போய், அதன் முட்டையின் வெள்ளைக் கருவில் வந்து உட்காருகிறது. பதக்சென்ட்காரர்கள் 2009-ல் 26 இனப் பறவைகளின் முட்டைகளில் இதைச் செலுத்திப் பார்த்ததில், மல்லார்ட் வாத்துக் கரு நன்றாகத் தாங்கியது, கொக்கு வகைக் கருக்கள் தாங்கவில்லை, கோழி நடுவில் நின்றது. அதனால் கோழி முட்டையில் ஒன்றும் ஆகவில்லை என்றால் எந்தப் பறவைக்கும் ஒன்றும் ஆகாது என்று சொல்வதற்கில்லை. தலைகீழாகவும் உண்டு. குப்பையில் பிவிசி மாதிரி குளோரின் உள்ள பிளாஸ்டிக் எரிந்தால் உண்டாகிற டையாக்ஸின் விஷயத்தில் கோழிக் கருவைப் போல நோஞ்சான் வேறில்லை. அதைப் பிடித்துக்கொள்கிற புரதத்தில் வெறும் 2 அமினோ அமிலம் மாறியிருப்பதால் ஆலாப் பறவையின் கரு அதே அளவைச் சாதாரணமாகத் தாங்குகிறது. கானாவில் அக்போக்ப்ளோஷி என்ற இடத்தில் பழைய கம்ப்யூட்டர் வயர்களை எரித்துச் செம்பு எடுத்துவந்தார்கள், அங்கே மேய்ந்த நாட்டுக்கோழிகளின் முட்டையில் இருந்த டையாக்ஸின், உலகில் முட்டைகளில் அளந்ததிலேயே மிக உயர்ந்த அளவுகளில் ஒன்று. கோழி புகையைச் சுவாசித்ததால் மட்டும் அது வரவில்லை, புகை இறங்கிய மண்ணைக் கிளறித் தின்றதால் வந்தது.

இந்த மாதம் மறுபடி 30 முட்டை வைத்திருக்கிறேன். 6 துளைகளோடு இன்னும் 2 சேர்த்துப் போட்டேன். பிரவுன் டேப் வீட்டிலேயே இல்லை. 9-ஆம் நாள் டார்ச் அடித்ததில் 26-ல் வலை தெரிந்தது. அன்றைக்குச் சாயங்காலம் வழக்கம்போல எதிர் காலியிடத்தில் யாரோ தெருக் குப்பையைக் கூட்டிக் கொளுத்தினார்கள். பால் கவர், செருப்பு, வயர் என்று எல்லாம் கலந்த அந்த நாற்றம் வந்தது. ஜன்னலைச் சாத்தினால் காற்று இல்லை, திறந்தால் இது. கொஞ்ச நேரம் நின்று யோசித்துவிட்டு ஜன்னலைச் சாத்தி, கதவைத் திறந்து, ஒரு மணி நேரம் கழித்து மறக்காமல் ஜன்னலைத் திறந்தேன். மறக்காமலிருக்க போனில் அலாரம் வைத்திருந்தேன்.

காலையில் பால் வாங்கப் போகும்போது பார்த்தேன். சாம்பல் மேடு இன்னும் லேசாகப் புகைந்துகொண்டிருந்தது. மூன்றாம் வீட்டு அக்காவின் செவலைக் கோழி, எனக்கு முட்டை தந்த அதே கோழி, சூடில்லாத ஓரமாகப் பார்த்து நின்று இரண்டு காலாலும் சாம்பலைக் கிளறி, தலையைச் சாய்த்து ஒரு நொடி பார்த்து, எதையோ கொத்தி விழுங்கி, அலகை இரண்டு பக்கமும் தரையில் தேய்த்துவிட்டு, மறுபடி கிளற ஆரம்பித்தது.